குறுந்தட்டைப் போட்டால் வேறு மென்பொருள் திறக்கிறதா? தட்டைத் தூக்கி எறிய வேண்டாம்

பிறை – அலமாரியில் பல ஆண்டுகள் கிடந்த திருமண டிவிடியை எடுத்துத் துடைத்துக் கணினியில் போடுகிறார்கள். படம் ஓடும் என்று வீடே காத்திருக்கிறது. ஆனால் திறப்பதோ பாட்டுக் கேட்கும் மென்பொருள். அதன் பட்டியலில் ஒன்றும் இல்லை. இன்னொரு வீட்டில், "இந்தத் தட்டில் என்ன எழுத வேண்டும்?" என்று கேட்கும் பெட்டி வந்து நிற்கிறது.

"தட்டு கெட்டுப்போச்சு" என்று குப்பையில் போடுவதும், கணினியைக் கடைக்குத் தூக்கிச் சென்று முழுவதும் ஃபார்மெட் செய்வதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. பல நேரங்களில் இரண்டுமே தேவையற்றவை. எந்த மென்பொருள் திறக்கிறது என்பது தட்டின் நலத்தைக் காட்டும் அடையாளம் அல்ல. அது கணினிக்குள் பதிந்திருக்கும் ஓர் அமைப்பு மட்டுமே. ஐந்து நிமிடத்தில் அதை மாற்றிவிடலாம்.

இந்தச் சிறு விஷயம் செபராங் பிறை வட்டாரத்துக் குடும்பங்களுக்குப் பெரிதாகத் தோன்றக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் கரும்பும் பின்னர் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்கள் பல, இன்று தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தோட்டமாக இருந்த பத்து காவானில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. 2014-இல் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாவது பாலம் கரையேறுவதும் அங்கேதான். தோட்டத்துக் கோயில் திருவிழா, லயத்து வீட்டு வாசலில் போட்ட பந்தல், மறைந்துபோன பாட்டியின் குரல் ஆகியவை சில குடும்பங்களில் ஒரு விசிடியிலோ டிவிடியிலோ மட்டுமே மிஞ்சியிருக்கும். அந்தத் தட்டு போய்விட்டால் மறுபடி எடுக்க இடமும் இல்லை, ஆளும் இல்லை.

முதலில் செய்ய வேண்டியது

தவறான மென்பொருள் திறந்தால், அது கேட்கும் எந்தக் கேள்விக்கும் "ஆம்" என்று அழுத்தக் கூடாது. குறிப்பாக "பர்ன்", "ஃபார்மெட்", "இரேஸ்" என்ற சொற்கள் தெரிந்தால் "கேன்சல்" அழுத்தி மூட வேண்டும். "ஆர்டபிள்யூ" என்று அச்சிட்ட தட்டுகளை அழித்து மறுபடி எழுத முடியும் என்பதால், அவற்றில் கூடுதல் கவனம் தேவை.

பிறகு "மை கம்ப்யூட்டர்" அல்லது "திஸ் பிசி" என்ற பகுதியைத் திறக்க வேண்டும். அதில் தட்டு இருக்கும் டிரைவின் மேல் சுட்டியை வைத்து, வலது பொத்தானை அழுத்தி, "ஓப்பன்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் கோப்புறைகளின் பெயரே தட்டின் வகையைச் சொல்லிவிடும்.

"வீடியோ டிஎஸ்" என்ற கோப்புறை இருந்தால் அது டிவிடி படம். "எம்பெக் ஏவி" என்ற கோப்புறையும், அதனுள் "டேட்" என்று முடியும் பெரிய கோப்புகளும் இருந்தால் அது விசிடி. "டிராக் 01", "டிராக் 02" என்று வரிசையாகச் சிறு கோப்புகள் மட்டும் இருந்தால் அது பாட்டு சிடி. படக் கோப்புகள் நிறைந்திருந்தால் அது புகைப்படத் தட்டு. இவற்றில் எதைப் பார்த்தாலும் தட்டு உயிரோடுதான் இருக்கிறது என்று பொருள்.

ஏன் வேறு மென்பொருள் திறக்கிறது?

விண்டோஸ் 95 காலத்திலேயே, தட்டைப் போட்டவுடன் அதில் உள்ள மென்பொருள் தானாக ஓடும் வசதி வந்துவிட்டது. அதன் பெயர் ஆட்டோரன். 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, ஆட்டோபிளே என்ற வசதியைப் பரவலாக்கியது. உள்ளே இருப்பது பாட்டா, படமா, புகைப்படமா என்று பார்த்து, அதற்கேற்ற மென்பொருளை அழைப்பதே ஆட்டோபிளேயின் வேலை.

யாரை அழைப்பது என்பதற்கு விண்டோஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. புதிய மென்பொருள் ஒன்றைக் கணினியில் ஏற்றும்போது, அது தன் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. நீரோ, விண்ஆம்ப், ரியல்பிளேயர், ஐடியூன்ஸ், பவர்டிவிடி ஆகியவை பல வீடுகளுக்குத் தெரிந்த பெயர்கள். ஏற்றும் நேரத்தில் வரும் கேள்விகளுக்குப் படிக்காமலே "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று அழுத்திப் போனால், ஏதாவது ஒன்று எல்லா வகைத் தட்டுக்கும் தானே பொறுப்பாளி என்று உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எக்ஸ்பியில் ஆட்டோபிளே பெட்டி வரும்போது, "எப்போதும் இதையே செய்" என்ற சிறு கட்டத்தில் பிள்ளைகள் யாராவது ஒரு முறை குறியிட்டிருந்தால் போதும். அடுத்த தடவையிலிருந்து கணினி கேட்காது. தானாகவே அதைத் திறக்கும்.

மூன்றாவது, மென்பொருளை அழித்த பின்னும் பட்டியலில் அதன் பெயர் தங்கிவிடுவது. அப்போது தட்டைப் போட்டால் ஒன்றுமே நடக்காது, அல்லது பிழைச் செய்தி வரும்.

இங்கே குழப்பம் தரும் வேறொரு செய்தியும் உண்டு. தட்டைப் போட்டவுடன் என்ன திறக்க வேண்டும் என்பது ஒரு பட்டியல். ஒரு கோப்பை இரண்டு முறை அழுத்தினால் எது திறக்க வேண்டும் என்பது இன்னொரு பட்டியல். ஒன்றைத் திருத்தினால் மற்றது திருந்தாது. "எல்லாம் மாற்றிவிட்டேன், இன்னும் அப்படியேதான் வருகிறது" என்று சொல்பவர்களில் பலர் இரண்டாவது பட்டியலை மாற்றிவிட்டு முதலாவதைத் தொடாமல் விட்டவர்களே.

விண்டோஸ் எக்ஸ்பியில் மாற்றும் முறை

பழைய மேசைக் கணினிகள் சிலவற்றில் இன்னும் எக்ஸ்பி ஓடுகிறது. அதில் வழி இதுதான்.

1. "மை கம்ப்யூட்டர்" பகுதியைத் திறந்து, சிடி டிரைவின் மேல் வலது பொத்தானை அழுத்த வேண்டும்.
2. "பிராப்பர்ட்டீஸ்" என்பதைத் தேர்ந்து, மேலே உள்ள "ஆட்டோபிளே" என்ற பகுதிக்குச் செல்ல வேண்டும்.
3. மேல் பெட்டியில் தட்டின் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாட்டு சிடி, டிவிடி படம், புகைப்படம், கலவை எனத் தனித்தனியாக இருக்கும்.
4. கீழே, வேண்டிய மென்பொருளைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது "ஒவ்வொரு முறையும் என்னைக் கேள்" என்ற பொருள் தரும் "பிராம்ப்ட் மீ ஈச் டைம்" என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.
5. ஒவ்வொரு வகைக்கும் இதைச் செய்து "ஓகே" அழுத்த வேண்டும். எல்லாம் குழம்பியிருந்தால் அங்கேயே உள்ள "ரெஸ்டோர் டிஃபால்ட்ஸ்" பொத்தான் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

எக்ஸ்பியில் இன்னொரு சிறு வழியும் உண்டு. தட்டை உள்ளே தள்ளும்போது விசைப்பலகையில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்திருந்தால், அந்த ஒரு முறை எதுவும் தானாகத் திறக்காது.

விண்டோஸ் 7, 10, 11-இல் மாற்றும் முறை

இவற்றில் எல்லாத் தட்டு வகைகளும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அதனால் வேலை இன்னும் எளிது.

1. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, தேடும் இடத்தில் "கண்ட்ரோல் பேனல்" என்பதை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து திறக்க வேண்டும்.
2. "ஹார்ட்வேர் அண்ட் சவுண்ட்" பகுதிக்குள் "ஆட்டோபிளே" இருக்கும்.
3. மேலே உள்ள "எல்லாத் தட்டுகளுக்கும் கருவிகளுக்கும் ஆட்டோபிளே பயன்படுத்து" என்ற கட்டத்தில் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறி இல்லையென்றால் எதுவும் திறக்காது.
4. கீழே இறங்கினால் சிடி, டிவிடி, புளூரே, வீடியோ சிடி என்று வரிசை வரும். ஒவ்வொன்றின் எதிரிலும் உள்ள பெட்டியில் வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "ஆஸ்க் மீ எவ்ரி டைம்" என்பதே வீட்டுக் கணினிக்குப் பொருத்தமான தேர்வு.
5. கடைசியாக "சேவ்" அழுத்த வேண்டும். இதை மறந்தால் செய்த வேலை அத்தனையும் வீண்.

பக்கத்தின் அடியில் "ரீசெட் ஆல் டிஃபால்ட்ஸ்" என்ற பொத்தான் இருக்கும். எந்த மென்பொருள் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாத நிலையில், முதலில் அதை அழுத்திவிட்டுத் தொடங்குவது நல்லது. இதனால் கோப்புகள் எதுவும் அழியாது.

விண்டோஸ் 10, 11-இல் "செட்டிங்ஸ்" பகுதியிலும் ஆட்டோபிளே என்ற பக்கம் உண்டு. ஆனால் அங்கே பென் டிரைவுக்கும் மெமரி கார்டுக்கும் மட்டுமே தேர்வுகள் இருக்கும். தட்டுகளுக்கான வரிசை கண்ட்ரோல் பேனலில்தான். பலர் செட்டிங்ஸ் பக்கத்தைப் பார்த்துவிட்டு "இதில் டிவிடியே இல்லையே" என்று திரும்பிவிடுவது இதனால்தான்.

ஆப்பிள் மேக் கணினியில், டிரைவ் இணைக்கப்பட்டிருந்தால், அமைப்புகளில் "சிடிஸ் அண்ட் டிவிடிஸ்" என்ற பகுதி இருக்கும். இதே தேர்வுகளை அங்கே செய்யலாம்.

பட்டியலில் சரியான மென்பொருளே இல்லை என்றால்

டிவிடி படத்தை ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 8 முதல் பொதுவாகக் கொடுப்பதில்லை. அதனால் புதிய மடிக்கணினியில் வெளி டிரைவை இணைத்துத் திருமண டிவிடியைப் போட்டால், கணினிக்கு அதை ஓட்டத் தெரியாது. தட்டில் குறை என்று நினைக்க இதுவும் ஒரு காரணம்.

விஎல்சி என்ற இலவச மென்பொருள் இதைத் தீர்க்கும். டிவிடி, விசிடி, பாட்டு சிடி மூன்றையும் அது ஓட்டும். வீடியோலேன் என்ற அமைப்பு அதை வெளியிடுகிறது. அந்த அமைப்பின் சொந்த இணையப் பக்கத்திலிருந்து மட்டுமே இறக்கிக்கொள்ள வேண்டும். ஏற்றிய பிறகு ஆட்டோபிளே பட்டியலில் அதன் பெயர் தானாக வந்து சேரும். பிறகு டிவிடி, வீடியோ சிடி வரிசைகளில் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

விசிடியில் உள்ள "டேட்" கோப்பை அழுத்தினால் "எதில் திறப்பது?" என்று விண்டோஸ் கேட்கும். அங்கே விஎல்சியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் "எப்போதும்" என்ற கட்டத்தில் குறியிட வேண்டாம். அதே "டேட்" என்ற முடிவை வேறு பல மென்பொருள்களும் தங்கள் கோப்புகளுக்குப் பயன்படுத்துகின்றன.

எந்த மாற்றமும் எடுபடவில்லை என்றால், ஸ்டார்ட் தேடலில் "சர்வீசஸ்" என்பதைத் திறந்து, "ஷெல் ஹார்ட்வேர் டிடெக்ஷன்" என்ற வரியைப் பார்க்க வேண்டும். அது நின்றிருந்தால் "ஸ்டார்ட்" கொடுத்து, தொடங்கும் முறையை "ஆட்டோமேட்டிக்" என்று வைக்க வேண்டும். தட்டு வந்ததை விண்டோஸுக்குச் சொல்லும் சேவை அதுதான்.

இவ்வளவும் செய்யும் முன்பே கடையில் "ஃபார்மெட் செய்தால்தான் சரியாகும்" என்று சொன்னால், ஆட்டோபிளே அமைப்பைப் பார்த்தார்களா என்று ஒரு முறை கேட்பதில் தவறில்லை. ஃபார்மெட் செய்தால் கணினியில் உள்ள புகைப்படங்களும் சேர்ந்தே போகும்.

காலித் தட்டு என்று கணினி சொன்னால்

கவனம் மிகவும் தேவைப்படும் இடம் இது. வீட்டு டிவிடி ரெக்கார்டரிலோ, சிறு தட்டு போடும் கேமராவிலோ பதிவு செய்தவர்கள், கடைசியில் "ஃபைனலைஸ்" என்ற வேலையைச் செய்திருக்க வேண்டும். அது செய்யப்படாத தட்டைக் கணினியில் போட்டால், உள்ளே படம் இருந்தும் காலி என்றே காட்டக்கூடும். உடனே எழுதும் பெட்டி திறக்கும். "பென் டிரைவ் போலப் பயன்படுத்தவா, டிவிடி கருவிக்காக எழுதவா?" என்று கேட்கும். அதில் ஒன்றை அழுத்திவிட்டால், உள்ளிருக்கும் படத்தைப் பிறகு படிக்க முடியாமல் போகலாம்.

இந்த நிலையில் ஆட்டோபிளேயை மாற்றிப் பயனில்லை. தட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். நடுவிலிருந்து வெளியே ஒரு பகுதி வேறு நிறத்தில் தெரிந்தால் அதில் ஏதோ எழுதப்பட்டிருக்கிறது. பதிவு செய்த அதே கருவி இன்னும் வீட்டில் இருந்தால் அதில் போட்டு "ஃபைனலைஸ்" செய்யலாம். கருவி இல்லையென்றால், ஐசோபஸ்டர் போன்ற மீட்பு மென்பொருள் வைத்திருப்பவரிடம் தட்டைக் கொடுக்கலாம்.

எல்லாம் தானாகத் திறப்பது ஏன் ஆபத்து?

பிறை தொழிற்பேட்டையில் சோனி நிறுவனத்தின் ஆலை பல ஆண்டுகள் ஒலிக்கருவிகள் தயாரித்தது. பிலிப்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சிடியை உலகுக்குத் தந்ததும் சோனிதான். 1982-இல் அது விற்பனைக்கு வந்தது. அதே குழுமம் பங்குதாரராக இருந்த இசை நிறுவனமான சோனி பிஎம்ஜி, 2005-இல் பெரிய சர்ச்சையில் சிக்கியது. அமெரிக்காவில் விற்ற சில பாட்டு சிடிகளைக் கணினியில் போட்டபோது, நகல் எடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் ஒன்று கணினிக்குள் ஒளிந்துகொண்டது. வாங்கியவர்களுக்கு அது சரியாகத் தெரிவிக்கப்படவில்லை. அந்தத் தட்டுகளை நிறுவனம் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

2008 நவம்பரில் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் என்ற கிருமி வேறு வழியில் ஏமாற்றியது. பென் டிரைவைச் செருகியதும் வரும் ஆட்டோபிளே பெட்டியில், "கோப்புறையைத் திற" என்று அசல் போலவே ஒரு வரியை அது காட்டியது. அழுத்தினால் கோப்புறைக்குப் பதிலாகக் கிருமி ஓடியது. அதன் பிறகே, விண்டோஸ் 7 முதல் பென் டிரைவில் உள்ளவை தானாக ஓடும் வழி அடைக்கப்பட்டது. எக்ஸ்பி, விஸ்டா கணினிகளுக்கு 2011 பிப்ரவரியில் இந்த மாற்றத்தை மைக்ரோசாஃப்ட் அனுப்பியது.

"ஒவ்வொரு முறையும் என்னைக் கேள்" என்ற தேர்வைப் பரிந்துரைப்பதற்கு இதுவே காரணம். எக்ஸ்பிக்கு 2014-லும் விண்டோஸ் 7-க்கு 2020-லும் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாஃப்டின் பொதுவான ஆதரவு முடிந்துவிட்டது. அத்தகைய பழைய கணினியைத் தட்டு பார்க்க மட்டும் வைத்துக்கொள்வதென்றால், இணையத் தொடர்பைத் துண்டித்து வைப்பது பாதுகாப்பு.

தட்டு திறந்துவிட்டது, அடுத்து?

படம் ஓடியதும் வேலை முடிந்துவிடவில்லை. வீட்டில் எழுதிய தட்டுகளில் ஒருவகைச் சாயத்தில்தான் பதிவு நிற்கிறது. வெயிலும் ஈரமும் அதைக் கெடுக்கும். ஓடும் நாளிலேயே நகல் எடுத்துவிட வேண்டும்.

டிவிடி என்றால் "வீடியோ டிஎஸ்" கோப்புறையை முழுமையாகக் கணினிக்கு நகலெடுக்கலாம். விசிடி என்றால் "டேட்" கோப்புகளை நகலெடுத்தால் போதும். நிரம்பிய ஒரு டிவிடி 4.7 ஜிபி. 64 ஜிபி பென் டிரைவில் அப்படிப்பட்ட 13 டிவிடிகள் அடங்கும்.

பாட்டு சிடியில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. அதில் தெரியும் "டிராக்" கோப்புகள் பாட்டு அல்ல. பாட்டு எங்கே தொடங்குகிறது என்று காட்டும் சிறு குறிப்புகள். ஒவ்வொன்றும் 44 பைட்தான். அவற்றை நகலெடுத்துவிட்டுத் தட்டை எறிந்தவர்களிடம் கடைசியில் எதுவும் மிஞ்சாது. விண்டோஸ் மீடியா பிளேயரில் உள்ள "ரிப்" பொத்தான் மூலம்தான் பாட்டை எடுக்க வேண்டும்.

நகலெடுக்கும்போது நடுவில் நின்றால், தட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் பதிவின் போக்கிலேயே விழும். அப்படியும் ஓடவில்லை என்றால் வேறொரு டிரைவில் போட்டுப் பார்க்கலாம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பது வழக்கமே.

எடுத்த நகலை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. பென் டிரைவும் ஒரு நாள் பழுதாகும். ஒரு நகல் பெற்றோர் வீட்டிலும், ஒரு நகல் வேறு ஊரில் இருக்கும் பிள்ளையின் வீட்டிலும் இருக்கட்டும். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, கோப்புறைக்கு அந்தப் பெயரையே வைத்துவிட வேண்டும். முகங்களுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அதைச் செய்வது நல்லது.